யாருக்கு மலிவு? ‘மனிபோல்’ அணியைத் திரும்ப எண்ணிப் பார்த்தல்

‘மனிபோல்’ படத்தை நாங்கள் மூன்று தரம் பார்த்திருக்கிறோம். முதல் தரம் பார்த்தபோது எங்களில் பாதிப் பேருக்கு பேஸ்போல் என்ன விளையாட்டு என்பதே சரியாகத் தெரியாது. எல்லே தெரியும், கிரிக்கெட் தெரியும். அதுகளை வைச்சு ஊகிச்சுக்கொண்டு பார்த்தோம். படம் முடிஞ்சபோது எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. காசில்லாத ஒரு அணி மூளையை மட்டும் நம்பி, காசுள்ள அணிகளுக்கு முன்னால் எழும்பி நிற்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்றாம் தரம் பார்த்தபோது எங்களில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். “எல்லாம் சரி, இவ்வளவு நல்ல அணி இவ்வளவு மலிவாய் எப்பிடிக் கிடைச்சது? ஆருக்கு மலிவு?” அன்றைக்கு இரவு அந்தக் கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. பிறகு தேடித் தேடி வாசித்தோம். வாசித்தபின் படத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோகவில்லை. ஆனால் படம் சொல்கிற நியாயத்தை முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏனென்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மைக்கல் லூயிஸ் 2003இல் எழுதிய புத்தகத்தை வைத்து, பெனட் மில்லர் 2011இல் இயக்கிய படம். 2001ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்து அத்லெற்றிக்ஸ் அணி 102 ஆட்டங்களை வென்று அடுத்த சுற்றுக்குப் போகிறது. அங்கே நியூயோர்க் யாங்கீஸோடு ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடர். முதல் இரண்டையும் ஓக்லண்ட் வெல்கிறது. அடுத்த மூன்றையும் தோற்கிறது. படம் திறக்கும்போதே இரண்டு தொகைகளைத் திரையில் காட்டுகிறார்கள். யாங்கீஸின் சம்பளப் பட்டியல் 114,457,768 டொலர். ஓக்லண்டினுடையது 39,722,689 டொலர்.

தோல்வி போதாதென்று, பருவம் முடிந்த கையோடு அணியின் மூன்று பெரிய ஆட்கள் வேறு அணிகளுக்குப் போய்விடுகிறார்கள். ஜேசன் ஜியம்பி ஏழு வருடத்துக்கு 120 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தோடு அதே யாங்கீஸுக்கு. ஜொனி டேமன் பொஸ்டனுக்கு. கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிற எறிவாளர் ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் செயின்ற் லூயிசுக்கு. பொது முகாமையாளர் பில்லி பீன், பிராட் பிட் நடித்த பாத்திரம், இந்த மூன்று ஓட்டைகளையும் அடுத்த பருவம் தொடங்க முன்னர் அடைக்க வேண்டும். முதலாளியிடம் காசு கேட்டால் இல்லை என்கிறார்.

ஒரு பருவம் முடிந்து மற்றது தொடங்கும்வரை உள்ள அந்தக் குளிர்கால மாதங்கள் பேஸ்போலில் இன்னொரு ஆட்டம் மாதிரி. மைதானத்தில் யாரும் இல்லை. தொலைபேசியிலும் மேசையிலும்தான் விளையாட்டு. யாரை வைத்திருக்கிறது, யாரை விடுகிறது, யாரைக் கொடுத்து யாரை வாங்குகிறது. பட்டியலில் ஒரு பெயரை எழுத வேண்டுமென்றால் இன்னொரு பெயரை வெட்ட வேண்டும்.

பீன் செய்ததை விளங்கிக்கொள்ள விளையாட்டைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, பேஸ்போலில் ஓவர்க் கணக்கு இல்லை, ஆட்டமிழப்புக் கணக்குத்தான். ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று ஆட்டமிழப்பு, மொத்தம் 27. அந்த 27உம் முடியும்வரை எவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டு நிற்கலாம். இரண்டு, எறிகிறவர் குறித்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்து, அடிக்கிறவர் அவற்றைத் தொடாமல் விட்டால், அவர் ஆறுதலாக முதல் பேஸுக்கு நடந்து போகலாம். கிரிக்கெட்டில் வெளியே போகிற பந்தை விட்டால் விக்கெட் தப்பும், அவ்வளவுதான். இங்கே விட்டதற்கே கூலி உண்டு.

ஆனால் பழைய ஆட்கள் பெரிதாக மதித்த துடுப்பாட்டச் சராசரியில் இந்த நடை கணக்கில் வராது. அடித்துப் போனவன் கெட்டிக்காரன், நடந்து போனவன் அதிர்ஷ்டக்காரன் என்ற மாதிரி. எத்தனை தரம் ஒருவர் ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போகிறார் என்ற விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கன்சாஸில் ஒரு தகர உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்த பில் ஜேம்ஸ் போன்றவர்கள் 1970களின் கடைசியில் இருந்தே எழுதிக்கொண்டிருந்தார்கள். சந்தை அதைக் கவனிக்கவில்லை. அதனால் பேஸுக்குப் போகத் தெரிந்த ஆட்கள் மலிவாகக் கிடைத்தார்கள். பீன் அவர்களை வாங்கினார்.

படத்தில் மிக நல்ல காட்சிகள் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. ஒரு நீண்ட மேசை. அதைச் சுற்றி வயதான தேர்வாளர்கள். ஒருவனுக்கு நல்ல முகவெட்டு என்கிறார்கள். இன்னொருவனுடைய காதலி வடிவில்லை, ஆகவே அவனுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்கிறார்கள். சிரிப்பு வரும், ஆனால் பீனுக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் அவரே அப்படி ஒரு மேசையில் தெரிவுசெய்யப்பட்டவர். 1980இல் நியூயோர்க் மெற்ஸ் அணி அவரை முதற் சுற்றிலேயே எடுத்தது. உயரம், உடற்கட்டு, ஓட்டம், எல்லாம் இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பெரிய லீக்கில் 148 ஆட்டம், சராசரி .219. அதோடு முடிந்தது. கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறவர்கள் எப்படிப் பிழைவிடுவார்கள் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே அத்தாட்சி.

ஸ்கொட் ஹட்டபேர்க்கின் கதையும் அப்படித்தான். விக்கெட் காப்பாளர் மாதிரி அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர். முழங்கை நரம்பு பழுதானதால் எறிய முடியாது. பொஸ்டன் அவரை விட்டது, வாங்கிய கொலராடோவும் வைத்திருக்கவில்லை. ஓக்லண்ட் அவரை ஒரு மில்லியன் டொலருக்கும் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து, வாழ்க்கையிலேயே நிற்காத முதல் பேஸில் நிற்க வைக்கிறது. ஜியம்பி நின்ற இடம் அது. ஜியம்பி 2001இல் நூற்றுக்கு 47க்கும் மேற்பட்ட தடவை பேஸுக்குப் போனவர். ஹட்டபேர்க் 2002இல் நூற்றுக்கு 37. சமமில்லை. ஆனால் விலையைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். எல்லாரும் கைவிட்ட ஒருவரை, “உன்னட்ட ஒரு நல்ல குணம் இருக்கு, அது எங்களுக்குத் தெரியும்” என்று தேடிப் போவது அழகான விஷயம். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டுக் காட்சியில் எங்களில் இரண்டு பேர் அழுதே விட்டோம்.

இவ்வளவும் படத்துக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய மரியாதை. இனித்தான் சிக்கல்.

படத்தில் வருகிற ஓக்லண்ட் அணி பாதி கற்பனை அணி. ஜோனா ஹில் நடித்த பீற்றர் பிராண்ட் என்ற பாத்திரம் நிஜத்தில் இல்லை. அந்த வேலையைச் செய்த போல் டிபொடெஸ்டா தன் பெயரைப் பயன்படுத்தச் சம்மதிக்கவில்லை. இந்த எண்ணிக்கை முறையை ஓக்லண்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் பீனுக்கு முன்னர் முகாமையாளராக இருந்த சான்டி அல்டர்சன். படத்தில் புதிதாக வாங்கப்பட்ட ஆட்களாக வருகிற ஜெரமி ஜியம்பியும், நிலத்தைக் கூட்டுகிற மாதிரிக் கீழால் பந்தெறிகிற சாட் பிராட்ஃபோர்டும் முந்திய ஆண்டே அங்கே விளையாடியவர்கள். இதெல்லாம் திரைக்கதைக்காகச் செய்கிற வழக்கமான மாற்றங்கள். இதற்காக நாங்கள் சண்டைக்குப் போகவில்லை.

எங்களுக்குப் பிரச்சினை, அந்தப் பட்டியலில் இருந்தும் படத்தில் ஆளாக வராதவர்கள். 2002இல் ஓக்லண்ட் 103 ஆட்டங்களை வென்றது. அதில் 20 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக. அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் சிறந்த எறிவாளருக்கான விருது, ஓக்லண்டின் பரி சீட்டோவுக்கு. லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருது, ஓக்லண்டின் மிகேல் தெஹாடாவுக்கு. சீட்டோவோடு ரிம் ஹட்சன், மார்க் மல்டர் என்று இன்னும் இரண்டு முதல்தர எறிவாளர்கள். மூன்றாம் பேஸில் எரிக் சாவேஸ். அணியின் முதுகெலும்பு இவர்கள். குளிர்காலத்தில் மேசையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இல்லை. ஏற்கெனவே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்.

தெஹாடாவை மட்டும் எடுத்துப் பாருங்கோ. டொமினிக்கன் குடியரசில் இருந்து 1993இல் ஓக்லண்ட் அவரை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்த தொகை 2,000 டொலர். அந்தப் புகழ்பெற்ற 20 வெற்றிகளில் பதினெட்டாவதையும் பத்தொன்பதாவதையும் கடைசி இன்னிங்ஸில் அடித்து முடித்தவர் அவர்தான். இருபதாவதில், 11-0 என்று முன்னிலையில் இருந்த ஓக்லண்ட் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து 11-11இல் நிற்கும்போது ஹட்டபேர்க் வந்து ஹோம் ரன் அடிக்கிறார். படம் முழுவதும் அந்த அடிக்காகக் காத்திருக்கிறது. பதினெட்டும் பத்தொன்பதும் வராமல் இருபது எங்கேயிருந்து வந்தது?

ஏன் இவர்களைப் படம் ஓரங்கட்டியது? எங்கள் விளக்கம் இதுதான். ஹட்டபேர்க் மலிவாக இருந்ததற்குக் காரணம் சந்தையின் அறியாமை. அந்த அறியாமையை ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்தான் என்று சொன்னால் கதை இனிக்கும். தெஹாடாவும் சீட்டோவும் மலிவாக இருந்ததற்குக் காரணம் வேறு. அவர்களின் பெறுமதி எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர்களால் வேறு இடத்துக்குப் போக முடியாது. விதி அப்படி. அதைச் சொன்னால் கதை கொஞ்சம் கசக்கும்.

அந்த விதி என்னவென்று சொல்கிறோம். பெரிய லீக்கில் ஒரு வீரர் ஆறு வருட சேவையை முடிக்கும்வரை அவர் எந்த அணிக்கு விளையாடுவது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. அணிதான் தீர்மானிக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று வருடம் அணி கொடுக்கிறதுதான் சம்பளம். 2002இல் குறைந்தபட்சம் 200,000 டொலர். பிறகு மூன்று வருடம் நடுவரிடம் போய் வழக்காடலாம். ஆறு முடிந்த பிறகுதான் சுதந்திரம். ஜியம்பியும் டேமனும் இஸ்ரிங்ஹவுசனும் 2001இல் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள், அதனால் போனார்கள். தெஹாடா 2003 பருவத்தோடு தாண்டினார், 72 மில்லியன் டொலருக்கு போல்ற்றிமோர் போனார். ஹட்சனும் மல்டரும் தாண்ட முன்னரே, 2004 டிசம்பரில், சில நாள் இடைவெளியில் இருவரையும் ஓக்லண்ட் கைமாற்றியது. சீட்டோ 2006 பருவம் முடிந்ததும் 126 மில்லியன் டொலருக்கு விரிகுடாவைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ போனார். குளிர்காலத்துக்குக் குளிர்காலம் அதே வேலை. பட்டியல் வெட்டி, பட்டியல் எழுதி.

ஆறு வருடம் காத்திருக்கிற இந்த ஏற்பாடுகூட எளிதாகக் கிடைக்கவில்லை. முன்னர் அது ஆயுள் முழுக்க. அதை எதிர்த்தவர்களின் கதையில் ஓக்லண்ட் திரும்பத் திரும்ப வருகிறது. ஓக்லண்டில் வளர்ந்த கறுப்பின வீரர் கேர்ட் ஃபிளட். 1969இல் செயின்ற் லூயிஸ் அணி அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. போக மறுத்தார். தான் வாங்கி விற்கிற சொத்து இல்லை என்று லீக்கின் ஆணையாளருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் போனார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்டவாழ்வும் முடிந்திருந்தது. 1975 டிசம்பரில் இரண்டு எறிவாளர்களின் வழக்கில் ஒரு நடுவர் கொடுத்த தீர்ப்போடுதான் அந்த ஆயுள்கட்டு அறுந்தது.

உடனே நடந்ததைக் கேளுங்கோ. அப்போதைய ஓக்லண்ட் அணி 1972, 1973, 1974 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகத் தொடரை வென்றிருந்த அணி. அதன் முதலாளி சார்ல்ஸ் ஃபின்லி, தன் ஆட்கள் சுதந்திரமாகப் போக முன்னர் காசாக்கிவிட வேண்டும் என்று 1976 யூனில் இரண்டு பேரைப் பொஸ்டனுக்கும் ஒருவரை நியூயோர்க்குக்கும் மொத்தம் 3.5 மில்லியன் டொலருக்கு விற்றார். ஆணையாளர் அந்த விற்பனையைத் தடுத்தார். அதே 1976இல்தான் சங்கமும் முதலாளிகளும் அந்த ஆறு வருடக் கோட்டுக்கு உடன்பட்டார்கள். சங்கத்துக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. எல்லாரும் ஒரேயடியாகச் சந்தைக்கு வந்தால் விலை விழும், கொஞ்சப் பேராக வந்தால் விலை ஏறும். ஆக, கோட்டுக்கு வெளியே நிற்கிறவருக்கு 120 மில்லியன். உள்ளே நிற்கிறவர் அதற்கான விலையைக் கொடுக்கிறார். பீனின் கெட்டித்தனம் இந்தக் கோட்டின்மேல்தான் வீடு கட்டியது.

இன்னொன்றையும் நாங்கள் பிறகு வாசித்துத்தான் அறிந்தோம். ஓக்லண்ட் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த அந்த 2002 ஓகஸ்ட் மாதத்தில், நாடு முழுக்க வீரர்கள் வேலைநிறுத்தத்துக்குத் திகதி குறித்திருந்தார்கள். ஓகஸ்ட் 30. அன்றைக்குத்தான், சில மணித்தியாலங்கள் இருக்கும்போது, உடன்பாடு வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் அடுத்த பருவத்தில் 300,000 டொலராக ஏறியது. ஒரே கிழமைக்குள் இரண்டு கதை. எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்று.

“அவங்கள் எல்லாம் கோடீஸ்வரர், அவங்களுக்காக நீங்கள் ஏன் அழுறியள்?” என்று கேட்பீர்கள். எங்களுக்குள்ளேயே ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. 200,000 டொலர் எங்கள் கணக்கில் கனவுக் காசு. ஆனால் பட்டியலைக் கீழ்நோக்கி வாசியுங்கள். பெரிய லீக்குக்குக் கீழே, அதற்கு ஆள் வளர்க்கிற சிறிய லீக்குகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பெடியள். பெரும்பாலானோர் பெரிய லீக்கின் புல்லை மிதிக்காமலே வீட்டுக்குப் போகிறவர்கள். இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று 2018இல் அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு சட்டத்தில் எழுதிக் கொடுத்தது. 2022இல்தான் அவர்களும் வீரர் சங்கத்தில் சேர முடிந்தது. அவர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம் 2023இல் வந்தபோது, ஆகக் கீழ்மட்டத்து வீரரின் வருடச் சம்பளம் 4,800 டொலரில் இருந்து 19,800 ஆனது. 4,800 டொலருக்கு ஒரு வருடம். தெஹாடா போன்ற ஒருவர் மேலே வர, அவரோடு அதே பந்தயத்தில் ஓடிக் கீழேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களும் அந்த மலிவான அணியின் செலவுக் கணக்கில் வரவேண்டியவர்கள்தான்.

படத்தில் ஒரு காட்சி. ஒரு வீரரை வெட்டிவிட்டோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று பீன் பிராண்டுக்குப் பழக்குகிறார். சுற்றி வளைக்காதே, நேராகச் சொல், முடித்துவிடு. பிறகு பிராண்ட் நிஜமாகவே கார்லோஸ் பேன்யாவிடம் போய்ச் சொல்கிறார். சுருக்கமான பேச்சு. ஒரு தொலைபேசி எண் கைமாறுகிறது. அவ்வளவுதான். நிஜத்திலும் பேன்யாவை 2002 ஜனவரியில் ஜியம்பியின் இடத்துக்கென்று வாங்கிய ஓக்லண்ட், அதே யூலையில் கைமாற்றியது. அவர் 2007இல் ரம்பா பே அணிக்காக 46 ஹோம் ரன் அடித்தார். எண்ணிக்கை பிழைத்தது என்று சொல்ல வரவில்லை, எந்தக் கணக்கும் சிலவேளை பிழைக்கும். அந்தக் காட்சி பிராண்டின் தர்மசங்கடத்தைத்தான் எங்களுக்குக் காட்டுகிறது. போகிறவன் எங்கே போனான், பொட்டளியை எப்போது கட்டினான் என்று கமரா பின்னால் போகவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவரின் பெறுமதியைக் கண்டுபிடிப்பது ஒன்று. அந்தப் பெறுமதியைக் கொடுப்பது வேறொன்று. ‘மனிபோல்’ முதலாவதைக் கொண்டாடுகிறது. இரண்டாவதைப் பற்றி மௌனமாக இருக்கிறது. “மற்றவர்கள் உன்னைக் குறைத்து மதித்தார்கள், எனக்கு உன் அருமை தெரியும்” என்று சொல்கிறவர் அடுத்த வசனத்தில் “ஆகவே உனக்கு உரியதைத் தருகிறேன்” என்று சொல்வதில்லை. “ஆகவே நீ எனக்கு மலிவு” என்கிறார். அருமை தெரிந்ததன் லாபம் தெரிந்தவருக்கே போகிறது.

எண்களை நாங்கள் குறை சொல்லவில்லை. காதலியின் முகத்தைப் பார்த்து ஆள் எடுக்கிற மேசையைவிட எண்கள் நேர்மையானவை. ஆனால் எந்த அட்டவணையிலும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் எந்த நிரல் இல்லை என்பது. ஓக்லண்டின் அட்டவணையில் பேஸுக்குப் போன விகிதம் இருந்தது, விலை இருந்தது. முதலாளியின் சட்டைப்பை இருக்கவில்லை. “எங்களிடம் காசில்லை” என்ற வசனத்தைப் படம் வானிலை மாதிரி எடுத்துக்கொள்கிறது. மழை பெய்கிறது, என்ன செய்யலாம், குடை பிடிக்க வேண்டியதுதான் என்ற மாதிரி. ஆனால் எவ்வளவு செலவழிப்பது என்பது சிலபேர் ஒரு அறையில் இருந்து எடுக்கிற முடிவு.

அந்த முடிவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் காலம் காட்டியது. முறையைப் பொஸ்டன் கற்றுக்கொண்டது. பில் ஜேம்ஸையே வேலைக்கு எடுத்து, பெரிய சம்பளப் பட்டியலோடு சேர்த்து, 86 வருடக் காத்திருப்புக்குப் பின் 2004இல் உலகத் தொடரை வென்றது. மூளையும் காசும் ஒரே கையில் சேர்ந்தால் ஏழை அணியின் கெட்டித்தனம் எத்தனை நாள் தாங்கும்? பீனின் ஓக்லண்ட் ஒருமுறையும் உலகத் தொடரை எட்டவில்லை. 2005இல் அணியை வாங்கிய குழுவில் ஒருவர் ஜோன் ஃபிஷர். கப் உடுப்புக் கடைகளை நிறுவிய குடும்பத்தின் மகன். அதன் பிறகும் ஓக்லண்டின் சம்பளப் பட்டியல் லீக்கின் அடிமட்டத்தோடேயே கிடந்தது. 2023இல் அணி 112 ஆட்டங்களைத் தோற்றது.

அந்த வருடம் ஓக்லண்ட் ரசிகர்கள் செய்த ஒரு காரியம் எங்களுக்கு ஹட்டபேர்க்கின் ஹோம் ரன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக முதலாளி முயன்றுகொண்டிருந்தார். மைதானம் வெறுமையாகக் கிடந்தது. சனம் வாறதில்லை, அதுதான் போகிறோம் என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காக, யூன் 13ஆம் திகதி, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே வந்து நிரப்பினார்கள். 27,759 பேர். பகிஷ்கரிப்பைத் தலைகீழாகச் செய்தார்கள். அணியை வில் என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். அன்றைக்கு அணியும் வென்றது. ஒன்றும் மாறவில்லை. 2024 செப்டெம்பர் 26இல் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தார்கள். ஓக்லண்ட் 3-2 என்று வென்றது. 1968இல் இருந்து அங்கே இருந்த அணி போய்விட்டது. லாஸ் வேகாஸில் மைதானம் கட்டி முடியும்வரை சாக்ரமென்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய லீக் மைதானத்தில் ஒதுங்கியிருக்கிறது.

அங்கே அவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் எந்த ஊரின் பெயரையும் போடுவதில்லை. வெறும் அத்லெற்றிக்ஸ். குளிர்காலப் பட்டியலில் இருந்து ஜியம்பி வெட்டுப்பட்டார், பேன்யா வெட்டுப்பட்டார், தெஹாடா, ஹட்சன், மல்டர் எல்லாரும் போனார்கள். கடைசியாக வெட்டுப்பட்ட பெயர் ஓக்லண்ட்.

படத்தைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கோ. ஹட்டபேர்க் அடிக்கிற இடத்தில் எழும்பி நின்று கைதட்டுங்கோ, நாங்களும் தட்டினோம். ஆனால் யாராவது உங்களிடம் வந்து, கொஞ்சக் காசில் பெரிய வேலை செய்து காட்டினோம் என்று பெருமையாகக் கதைத்தால், எங்கள் தோழி கேட்ட கேள்வியை ஒருதரம் கேட்டுப் பாருங்கோ. ஆருக்கு மலிவு?